மார்ச்சுக்குள்ள வடிஞ்சிடுமா?

"மார்ச் மாசத்துக்குள்ள வீக்கம் வடிஞ்சிடும்ல?" தாய் இதையே மறுபடியும் கேட்டாள்.

"வடிஞ்சிடும்மா. மூணு நாள் கண்ணு தவளை மாதிரி உப்பியிருக்கும். ஒரு வாரத்துல தையல் பிரிச்சிடுவோம். மார்ச்ல காலேஜ் திறக்கறப்ப, பிறந்ததிலேர்ந்தே இருக்கற மடிப்பு மாதிரி அமைஞ்சிடும்," என்றாள் யூரா.

தென்கொரியாவின் சோல் நகரத்து அந்த அழகு சிகிச்சை மருத்துவமனையில், வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வது அவள் வேலை. நவம்பரில் கல்லூரி நுழைவுத் தேர்வு முடிந்துவிட்டால் போதும், கண் பெரிதாகத் தெரிய இமையில் மடிப்பு வைத்துக்கொள்ள வருகிற கூட்டத்துக்கு மூச்சுவிட நேரமிருக்காது. தேர்வு எழுதிய களைப்புக்கு வீட்டார் தரும் பரிசு அது.

"ஊசி வலிக்குமா?"

"எறும்பு கடிக்கற மாதிரிதான். அப்புறம் தூக்கம் வந்துடும்."

"அம்மா, எத்தனை தடவ கேப்ப?" மகள் தாசோம் முகக்கவசத்துக்குள் கொட்டாவி விட்டாள். தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டிருந்தாள். பாவம், எத்தனை நாள் தூக்கம் கெட்டுப் படித்தாளோ என்று நினைத்துக்கொண்டாள் யூரா.

"நீ சும்மா இருடி. முதல் நாள் வகுப்புல யாராவது பார்த்துச் சிரிச்சுட்டா? எவ்வளவு கஷ்டப்பட்டுக் கிடைக்கப்போற இடம்!"

யூராவுக்கு நெஞ்சு இளகியது. அவள் அம்மாவும் இப்படித்தான். யூரா இதே மடிப்பு வைத்துக்கொண்டபோது சொந்த ஊர் குவாங்ஜுவிலிருந்து பேருந்தில் வந்து இறங்கியவள், கத்தி தன் கண்ணிலேயே படப்போவதுபோல் நடுங்கினாள். கண் திறக்க முடியாமல் கிடந்த யூராவுக்குப் பூசணிக் கஞ்சியை ஊதி ஊதி ஊட்டினாள். 'என் சின்னக் கண்ணு உனக்கு வேண்டாமாயிடுச்சு, இல்ல?' என்று கேலியும் செய்தாள். அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. இப்போதெல்லாம் கண்ணாடியில் அந்தச் சின்னக் கண்ணைத் தேடி ஏங்குகிறாள் யூரா.

"உங்க பொண்ணு கொடுத்துவச்சவம்மா," என்றாள் யூரா. "வீட்டுக்குப் போனதும் பூசணிக் கஞ்சி வச்சுக் கொடுங்க. வீக்கம் சட்டுனு இறங்கும்."

"அதெல்லாம் நேத்தே வச்சாச்சு. கொஞ்சம் அடிப்பிடிச்சிடுச்சு," என்றாள் தாசோம்.

யூரா சிரித்துக்கொண்டே பச்சை அங்கியை அவளிடம் நீட்டினாள். "வாம்மா, பயப்படாதே. அம்மா இங்கயேதான் இருப்பாங்க."

தாசோம் தொப்பியைக் கழற்றினாள். அவள் இமைகளில் அழகான மடிப்பு ஏற்கெனவே இருந்தது.

"எனக்கு ஸ்கூல் முடிச்சப்பவே அம்மா பண்ணிவிட்டுட்டாங்க, அக்கா," என்று அங்கியைத் தாயின் கையில் வைத்தாள். "பதினாலு வயசுல படிப்பை விட்டுட்டுத் தையல் மிஷின்ல உக்காந்தவங்க. இந்த வருஷம் பரீட்சை எழுதினது அம்மாதான்."