கலக்கியில் விட்டுப்போன பாகம்

"நல்லா ரிப்பேர் பார்த்தீங்க மாஸ்டர்! தினம் நாப்பது பெட்டி சோப்புத் தண்ணி நிரப்பின இடத்துல இப்ப இருபத்தஞ்சுதான் ஆகுது. அடுத்த மெஷின் ஆர்டரை மறந்துடுங்க!"

சோப்புக் கம்பெனி முதலாளி செர்வா மேடம் போனில் கத்தியதும், குமாசி நகரின் சுவாமே வட்டாரத்துப் பட்டறையிலிருந்து மெக்கானிக் போவாடு அடித்துப்பிடித்து ஓடிவந்தார்.

கலக்கும் தண்டு தொட்டிக்குள் மேலும் கீழுமாய் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நாள் மெனக்கெட்டு, அதை ஆட்டும் கிராங்கில் இருந்த தட்டல் சத்தத்தை அவர்தான் போக்கியிருந்தார். எண்ணிப் பார்த்தார், நிமிடத்துக்கு அறுபது, ஒன்றுகூடக் குறையவில்லை. சோப்பும் நல்ல பதம். பிறகு எங்கேதான் கோளாறு?

புட்டி நிரப்பும் பெண்களிடம் திரும்பினார். "ஏன் கொனாடு, எல்லாரும் உம்முனு இருக்கீங்க?"

"டொக் டொக்கை நீங்கதானே நிறுத்தினீங்க? தாளம் இல்லாம எப்படிப் பாடுறது? பாட்டு இல்லாம கை எப்படி ஓடும்?"

போவாடு ஒரு காலி மத்திமீன் டப்பாவைத் தேடியெடுத்து, தண்டு இறங்கும்போதெல்லாம் இடிக்கும்படி தொட்டியோரம் கட்டினார்.

டொக். டொக். கொனாடு குரலெடுத்தாள், புட்டிகள் பறந்தன.

"என்ன கோளாறு?" என்று கேட்டபடி மேடம் வந்தார்.

"ஒரு பாகம் விட்டுப்போச்சு மேடம். அடுத்த மெஷின்ல சேர்த்தே அனுப்புறேன்."