நாலிலிருந்து ஆறு வரை

"தாயில்லாத பொண்ணை தினமும் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் உட்கார வெச்சிருக்கீங்களே, நீங்கல்லாம் ஒரு தலைமையாசிரியையா?"

மெக்கானிக் போட்ட சத்தத்தில், வராந்தாவில் போய்க்கொண்டிருந்த இரண்டு டீச்சர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். பட்டறையில் சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம்தான். கையில் கிரீஸ் கறையோடு ஓடி வந்திருந்தார்.

தலைமையாசிரியை போனில் இருந்தார்.

"அந்தப் புள்ளிவிவரம் நேத்தே அனுப்பிட்டேன் சார்... சரி, மறுபடியும் அனுப்பறேன்... அரை மணி நேரத்துலயா? சரி சார்."

போனை வைத்துவிட்டு, எதிர் நாற்காலியைக் காட்டினார்.

"உட்காருங்க."

"உட்கார நேரமில்லை. ஏழாவது பி செக்‌ஷன். ஒரு மாசமா பனிஷ்மென்ட். அப்படி என்ன குத்தம் பண்ணிட்டா அவ?"

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார்.

"பனிஷ்மென்ட்னு உங்க பொண்ணு சொன்னாளா?"

"அவதான் சொன்னா. பின்னே, நானா கதை கட்டறேன்?"

தலைமையாசிரியை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கிளார்க் எட்டிப் பார்த்தார்.

"மேடம், எட்டாவதுல கணக்கு டீச்சர் இல்லாம பசங்க கூரையைப் பிய்க்கறாங்க."

"ரெண்டு நிமிஷம். நானே வர்றேன்."

பிறகு மெக்கானிக்கைப் பார்த்துச் சொன்னார். "ஆமாங்க. நான்தான் உட்கார வெச்சேன்."

அவ்வளவுதான். ஒரு வருத்தமா, ஒரு சமாதானமா, ஊஹூம்.

"அவங்கம்மா போய் மூணு மாசம்தான் ஆகுது. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா!"

எழுதிக் கொண்டுவந்த புகாரை மேஜைமேல் வீசினார். தலைமையாசிரியை அதை முழுசாகப் படித்தார்.

"தேதி போடலையே" என்று பேனாவை நீட்டினார்.

கெஞ்சுவார் என்று நினைத்து வந்த மெக்கானிக்குக் கோபம் இன்னும் ஏறியது. தேதி போட்டார். சீல் குத்தி ஒரு நகலைக் கொடுத்தார் தலைமையாசிரியை.

"என்கிட்டயே இருந்தா இது தூங்கும். இன்னைக்கே மேலே அனுப்பிடறேன்."

சாக்பீஸை எடுத்துக்கொண்டு எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டார்.

கிளார்க் வாசல் வரை பின்னாலேயே ஓடி வந்தார்.

"சார், அவங்களுக்கு இன்னும் எட்டு மாசம்தான் சர்வீஸ். பாதி டீச்சர் இல்லாத ஸ்கூலை ஒண்டி ஆளா இழுத்துட்டுப் போறாங்க. வேலை டென்ஷன்ல ஏதாவது பண்ணியிருப்பாங்க. மனசு வைங்களேன்."

"டென்ஷன் இருந்தா குழந்தை தலையிலயா இறக்கி வைக்கிறது?"

பத்து நாளில் விசாரணை வந்தது. மெக்கானிக்கையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"ஸ்கூல் முடிஞ்ச பிறகு ஒரு மாணவியை இங்கே வெச்சிருக்கக் கூடாதுன்னு தெரியுமா, தெரியாதா?" என்றார் அதிகாரி.

"தெரியும் சார்."

"அப்புறம் எதுக்கு வெச்சீங்க?"

தலைமையாசிரியை மெக்கானிக்கை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"ஏதாவது விளக்கம்?"

"இல்லை சார்."

ஒத்துக்கொண்ட மாதிரிதான். அடுத்த வாரமே மாற்றல் உத்தரவு வந்தது. இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய ஸ்கூல்.

விசாரணையன்று வெளியே வரும்போது, தலைமையாசிரியை மெக்கானிக்கிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்.

"உங்க ஷிஃப்டைக் கொஞ்சம் முன்னாடி முடிச்சுக்க முடியுமா, பாருங்களேன்?"

"என் ஷிஃப்டைப் பத்தி உங்களுக்கென்ன?" என்று முகத்தில் அடித்த மாதிரி கேட்டுவிட்டு நடந்தார் மெக்கானிக். மனைவியைப் பார்த்துக்கொள்ள லீவு போட்டுப் போட்டு ஒரு வேலை போய்விட்டது. இது கிடைத்ததே பெரிய பாடு. இதில் முன்னாடி வேறு முடிப்பதாம்!

புதுத் தலைமையாசிரியர் பொறுப்பேற்ற அன்று, மெக்கானிக் வேலை முடிந்து ஆறு மணிக்கு வீடு திரும்பினார். வீட்டில் விளக்கு எரியவில்லை. வாசல்படியில் மகள், யூனிஃபார்மோடு, புத்தகப் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னடா பாப்பா, சாவியைத் தொலைச்சுட்டியா?"

அவள் கையை விரித்தாள். சாவி இருந்தது. இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் அதன் தடம் பதிந்திருந்தது.

"எப்ப வந்தே?"

"நாலேகாலுக்கு."

"அப்பலேர்ந்து இங்கேயா உட்கார்ந்திருக்கே? கதவைத் திறந்து உள்ளே போகவேண்டியதுதானே?"

அவள் உதடு பிதுங்கியது.

"அன்னைக்கு நீ மருந்து வாங்கப் போயிருந்தே இல்ல... நான்தானேப்பா கதவைத் திறந்து அம்மாவைப் பார்த்தேன். இப்பவும் தனியாத் திறக்க பயமா இருக்குப்பா."

மெக்கானிக் அவள் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏன்டா என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நீ இந்த வேலையையும் விட்டுடுவியே. அதான் மேடம்கிட்ட சொன்னேன். அவங்க ரூம்லயே உட்கார்ந்து ஹோம்வொர்க் பண்ணச் சொன்னாங்க. உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன்."

"அப்போ பனிஷ்மென்ட்..?"

"அது நான் உன்கிட்ட சொன்ன பொய். மேடம் ஒரு நாள்கூட என்னைத் திட்டினதே இல்லப்பா."