சிஸ்டர் சொன்னால் சரி

"காலே போனாலும் சரி, அந்த மருந்தை ஏத்த விடமாட்டேன். வீட்டுக்கு அனுப்புங்க!"

லட்சுமிகாந்தம் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தாள். சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி நடத்துகிறவள். அதட்டியே பழகிய குரல். டாக்டர் சொல்லிச் சொல்லி அலுத்து அடுத்த வார்டுக்குப் போய்விட்டார்.

நர்ஸ் பாக்கியவதிக்கு அவள் பக்கத்தில் போகவே தயக்கமாக இருந்தது. ஆனால் கணுக்காலில் ஆறாத புண், கைவிரல் நுனிகளில் கறுப்புப் புள்ளிகள். விட்டுவிட மனம் வரவில்லை.

"அம்மா, இத்தனை வருஷமா மூட்டு மூட்டாப் பாடாப்படுத்துன முடக்குவாதம் இப்ப ரத்தக்குழாய்க்குப் போயிருச்சு. குழாய் வீங்கி அடைச்சுக்கிட்டா ரத்தம் ஓடாது. அதான் புண்ணு ஆறல. வெறும் களிம்பு போட்டுப் பிரயோசனமில்ல."

"அதை ஏத்துனா வேற நோய் ஒட்டிக்கிடும்னு சொல்லுதாக."

"ஒட்டலாம். மறைக்க மாட்டேன். அதுக்குத்தான் அப்பப்ப ரத்தம் எடுத்துப் பாக்கோம். ஏத்தலைன்னா விரலே போயிரும்மா."

லட்சுமிகாந்தம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். சட்டென்று கையை நீட்டினாள்.

"நீங்க சொல்றீக. ஏத்துங்க."

அதன்பின் மருந்து ஏற்ற வரும்போதெல்லாம், "அந்த சிஸ்டர் எங்கன?" என்றுதான் கேட்பாள். கூடவே கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பி, கண்ணாடி பார்க்க மறுத்தபோது பாக்கியவதிதான் தேற்றினாள். "அளவைக் குறைக்கக் குறைக்க வடிஞ்சிரும்மா."

"எப்பவும் தனியா வாரீகளே, பிள்ளைக இல்லையா?" என்று பக்கத்துக் கட்டில்காரி ஒருநாள் கேட்டாள்.

"ஒரே மவன். சொல்லாமக் கல்யாணம் கட்டிக்கிட்டுப் போயிட்டான்."

தீபாவளி சீசன் சூடு பிடிக்கும் முன்பே புண் மூடிப் புதுத்தோல் வந்துவிட்டது. விரல்களும் தப்பின. இனி மாத்திரையும் செக்கப்பும் போதும் என்றார் டாக்டர்.

வாசல்வரை கூட வந்த பாக்கியவதி கேட்டேவிட்டாள். "டாக்டர் சொல்லியே கேக்காதவுக, நான் சொன்னதும் எப்படிம்மா சம்மதிச்சீக?"

"உங்க மகளை வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்புனவ நான். அதே முகச்சாடை, உங்களைப் பாத்ததுமே யாருன்னு தெரிஞ்சிருச்சு. அம்புட்டுக் கோவம் இருக்க வேண்டியவுக வந்து, பொழைச்சுக்கோன்னு சொன்னா அது பொய்யாவா இருக்கும்?"



இப்போது வலியில்லாமல் மடங்கும் விரல்களால் பாக்கியவதியின் கையை இறுகப் பற்றினாள் லட்சுமிகாந்தம். "ஞாயித்துக்கிழமை சர்ச்சு முடிஞ்சதும் உங்க மக ரீனாவையும் என் மவனையும் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வாங்க, சம்பந்தியம்மா!"