ஓயாத மவுஸ்

தம்பிக்குக் கம்பெனி கொடுத்திருந்த கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுக்க அக்கா அவன் ஆபீசுக்கு வந்திருந்தாள். அவன் ஆசைப்பட்டு வாங்கிய கேமிங் மவுஸும் பையில் இருந்தது.

யாருடைய அக்கா என்று தெரிந்ததும் மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார்.

“உட்காருங்கம்மா. வீட்டிலிருந்து வேலை பார்க்கிற எழுபது பேர்ல உங்க தம்பிதான் முதலிடம். யார் மவுஸ் நின்னாலும் எனக்கு இங்க தெரிஞ்சிடும். மத்தவங்களுக்கு எப்பப் பார்த்தாலும் டீ, தலைவலி, லீவு. இவன் பதினெட்டு நாளா சீட்டை விட்டு எழுந்திருக்கவே இல்ல.”

அவள் பையை மடியில் வைத்தபடி கேட்டாள்.

“நெஞ்சு வலிக்குதுன்னு லீவு கேட்டானாமே?”

“கேட்டான். இந்தச் சாக்கெல்லாம் என்கிட்ட வேண்டாம்னு சொன்னேன். இப்பப் பாருங்க, குத்துக்கல்லாட்டம் இருக்கான்” என்று சிரித்தபடியே பாராட்டுப் பத்திரத்தை நீட்டினார்.

அவள் அதைத் தொடவில்லை. பையிலிருந்து மவுஸை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“இதுல ஒரு வசதி இருக்கு சார். ஒரு தடவை க்ளிக் பண்ணிப் பதிவு செஞ்சுட்டா, நாம நிறுத்துற வரைக்கும் அதுவே பண்ணிட்டிருக்கும். நீங்க லீவு தரலைன்னு இதை ஓடவிட்டுட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான்.”

மேனேஜரின் முகம் கடுகடுத்தது. “இப்படி ஒரு பித்தலாட்டமா? முதல்ல அவனை இங்க வரச் சொல்லுங்க.”

“வரமாட்டான். அவன் போய்ச் சேர்ந்து பதினேழு நாளாச்சு. எனக்கு இன்னிக்குக் காலையிலதான் அவன் ரூமுக்குள்ள போய் இதை நிறுத்த மனசு வந்தது.”