பன்னிரண்டாவது நாற்காலி

தாராவிக் கோயிலில் பெரிய வியாழன் சாயங்காலப் பூசை. மின்விசிறிகள் வெக்கையைத்தான் கிளறுகின்றன. இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல் ஃபாதர் பன்னிரண்டு பேரின் பாதம் கழுவுவதற்காகப் பீடத்துக்கு முன்னே பன்னிரண்டு நாற்காலிகள். பதினொன்றில் ஆண்கள், பேண்ட்டைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோருமே வீட்டில் சோப்புப் போட்டுக் காலைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தவர்கள். பன்னிரண்டாவது ஆள் வரவில்லை. அந்த நாற்காலியில் ரெஜினாள் உட்கார்ந்திருக்கிறாள். பழைய பிளாஸ்டிக் பிரிக்கும் குடோனிலிருந்து நேரே வந்திருக்கிறாள். பாத வெடிப்புகளில் நீலமும் சிவப்புமாகத் தூள் அப்பிக் கிடக்கிறது. பூசையில் ஃபாதருக்கு உதவும் உபதேசியார் அவள் காதருகே குனிகிறார். "எந்திரி ரெஜினா. சீடரு பன்னெண்டு பேரும் ஆம்பளைதான?" அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "இருக்கட்டும் அண்ணாச்சி. ஆண்டவரு காலக் கண்ணீரு விட்டுக் கழுவுனது ஆம்பளையா?" பாடகர் குழுவின் பாட்டு நின்றுபோகிறது. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். வெளியே ஆட்டோ ஹாரன் அலறுகிறது. உபதேசியார் மறுபடியும் குனிகிறார். "அடம் பிடிக்காத. எல்லாரும் பாக்காவ." "பாக்கட்டும். அதுக்குத்தான் இருக்கேன்." ஃபாதர் பதினோராவது ஆளின் காலைத் துடைத்துவிட்டு, கால் கழுவும் பேசினை அடுத்த நாற்காலிக்கு முன்னால் நகர்த்தி, முழங்காலில் நின்றபடியே நிமிர்ந்து அவளைப் பார்க்கிறார். ரெஜினாள் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கி, அவர் கேட்குமுன்பே பாதத்தை நீட்டுகிறாள். செம்பு சாய்கிறது. பதினோரு பேர் கால் கழுவியும் தெளிந்தே கிடந்த பேசின் தண்ணீர் இப்போதுதான் கலங்குகிறது.