பந்து விழும் இடம்

"என் காதுல பூ சுத்தாதீங்கம்மா! அஞ்சு மணல்குழி வெட்டப் போறீங்க. அஞ்சும் என் பந்து விழற இடத்துலயே வருதுன்னா, அது தற்செயலா?"

கோல்ஃப் கிளப்பின் தலைவர், குழிக்கு அடையாளமாகப் புல்லில் நட்டிருந்த சிவப்புக் கொடியைக் கைத்தடியால் தட்டினார். மைதானத்தை மாற்றி அமைக்க வந்திருந்த பெண் பொறியாளர், வரைபடம் காற்றில் பறக்காமல் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாரையும் மனசுல வெச்சுப் போடல சார். அடிக்கற மேடையிலேர்ந்து இது இருநூத்து முப்பது கெஜம். நல்லா ஆடறவங்க பந்து இங்கதான் வந்து விழும். அவங்க கொஞ்சம் யோசிச்சு அடிக்கணும்னுதான் இங்க மணல்."

"நான் நல்லா ஆடறவன்தானே?"

அவள், தலைவருக்குப் பின்னால் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு நின்ற அவரது கேடியை ஒரு கணம் பார்த்தாள். கேடி சட்டென்று குனிந்து, கட்டியிருந்த செருப்பு வாரை மறுபடி கட்டினான்.

தலைவருக்குச் சுருக்கென்று தைத்தது. அது என்ன பார்வை?

"சரி, மணல் போகட்டும். வலப்பக்கம் வரிசையா நிக்கற மரமெல்லாம் உங்களை என்ன பண்ணிச்சு? எதுக்கு வெட்டணும்?"

"இப்படி நெருங்கி நின்னா அது தோப்பு இல்ல சார், சுவர். புல்லுக்கு வெயிலே கிடைக்கல, பாருங்க. நாலு மரத்தை விட்டுட்டு மத்ததை எடுத்துட்டா காத்து வரும். அதோட, மணல் கண்ணுக்குத் தெரிஞ்சு பயமுறுத்தும். மரம் அப்படியில்ல, பட்ட பந்தை எங்கயோ திருப்பி விட்டுடும். திறமைக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது."

"எனக்கு அந்த மரம் தெய்வம்மா! கோணலாப் போன பந்து எத்தனை தடவை அதுல பட்டு, அழகா நடுவுல வந்து உக்காந்திருக்கு தெரியுமா?"

அவள் மறுபடியும் கேடியைப் பார்த்தாள்.

போதும். தலைவர் விறுவிறுவென்று கிளப்பை நோக்கி நடந்தார். தன்னைக் காப்பாற்றும் மரம் போகிறது. தன் பந்து விழும் இடத்தில் மணல் வருகிறது. ஆறு வருடமாக அவர்தான் சாம்பியன். ஆறு வருடமாக இரண்டாவதாக வருகிற உபதலைவர்தான் இந்தப் பெண்ணை அழைத்து வந்தது. ரெண்டும் ரெண்டும் நாலு என்று சொல்ல வாத்தியாரா வரவேண்டும்?

ஆனால் அவர் பந்து விழும் இடம் உபதலைவருக்கு எப்படித் தெரியும்?

வாசல் காவலாளி அந்தக் கணக்கையும் முடித்து வைத்தார். "சார், உங்க பை தூக்கற ஆளு மூணு நாளா சாயங்காலம் அந்தம்மா கூடாரத்துலயே கிடக்கறாரு. என்ன பேசறாங்கன்னு தெரியல. என்னைப் பாத்தா ரெண்டு பேரும் வாயை மூடிக்கறாங்க."

மட்டை தூக்குகிறவனுக்குக் கேடி என்று எவன் பெயர் வைத்தானோ, அவன் தீர்க்கதரிசி என்று நினைத்துக்கொண்டார் தலைவர்.

பைகள் வைக்கும் அறையில் கேடி ஈரத்துணியால் மட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வருடப் பழக்கம். அவன் காதோர முடி முழுதும் நரைத்துவிட்டது. தலைவர் கதவைச் சாத்தினார்.

"அந்தம்மாகிட்ட உனக்கு என்ன வேலை?"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "சும்மாதாங்கய்யா."

"மூணு நாளும் சும்மாவா? என் பந்து எங்க விழும்னு இந்த உலகத்துல உன்னைத் தவிர வேற யாருக்குத் தெரியும்? எனக்கே தூரத்துல கண்ணு தெரியாது. நீ போய் நின்னு, 'இங்க இருக்குய்யா'ன்னு கை தூக்கினாத்தான் எனக்கே தெரியும். உபதலைவர் உனக்கு என்ன ஆசை காட்டினாரு? தலைமைக் கேடியாக்கறேன்னாரா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்கய்யா!"

"கூட இருந்தே குழி பறிச்சிட்டியே! அதுவும் ஒண்ணா ரெண்டா, அஞ்சு குழி! சாயங்காலம் கமிட்டி கூடுது. இந்தத் திட்டத்தை அங்கயே கிழிச்சுப் போடறேன். நாளையிலேர்ந்து நீ என் மட்டையைத் தொட வேண்டாம்."

கேடியின் கண்கள் கலங்கின. "அந்தத் திட்டம் வேண்டாம்னுதாங்கய்யா நானும் அந்தம்மாவைக் கெஞ்சிக்கிட்டிருந்தேன். காலைப் பிடிக்காத குறை."

"உனக்கென்னடா அதுல நஷ்டம்? பந்து அடிக்கறது நான்!"

கேடி துணியை மடித்து வைத்தான். பிரித்தான். மறுபடி மடித்தான்.

"ஐயா என்னை மன்னிக்கணும். ஐயா அடிக்கற பந்து அவ்வளவு தூரம் போய் மூணு வருஷமாச்சுங்க. அம்பது கெஜம் இந்தப் பக்கமே விழுந்துடும். ஐயா நடந்து வர்றதுக்குள்ள நான்தான் எடுத்துக்கிட்டு மரத்துக்குப் பின்னாலயே ஓடி, அங்க வெச்சுட்டுக் கை தூக்குவேன்."

தலைவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"மரத்தை வெட்டிட்டா நான் ஓடறது ஊருக்கே தெரியும், மணலைக் கொட்டிட்டா என் கால்தடம் தெரியுங்களேய்யா!"