ஏஞ்சலோவின் முகங்கள்

"எப்படியாவது இதுக்கு உசிரு வரணும் பாய்" என்று சொல்லிக்கொண்டே, கணவனின் பழைய சட்டையில் சுற்றிக் கொண்டுவந்ததை மெதுவாகப் பிரித்தாள் ஜெனி. உள்ளே இருந்தது கேமரா பொருத்திய ஒரு பழைய கையடக்க வீடியோ கேம்.

நாகூர் மீரான் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். பழைய கேம், பட்டன் போன், வாக்மேன் என்று மற்றவர்கள் கைவிரித்த சாமான்களெல்லாம் கடைசியில் தாராவியில் இருக்கும் அவர் கடைக்குத்தான் வந்து சேரும்.

"யாருது தங்கச்சி?"

"என் வீட்டுக்காரன்து. நாசமாப் போற பய."

மீரான் நிமிர்ந்து பார்த்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"செம்பூர் வீட்டை விட்டு வந்துட்டேன் பாய். இப்ப ஆண்டாப் ஹில்ல சித்தி வீட்டுல இருக்கேன். வரும்போது துணி வைக்கிற கபாட்ல இருந்து இதை மட்டும் எடுத்துட்டு வந்தேன். அதைக் குடுத்துருன்னு தினமும் போன்ல அழுவுதான்."

"அவ்வளவு பிரியமா இந்த டப்பா மேல?"

"அவன் தம்பி ஏஞ்சலோ லோக்கல் ட்ரெயின்ல இருந்து விழுந்து செத்துப்போனான். சின்னதுல அண்ணனும் தம்பியுமா மூஞ்சியைக் கோணிக் கோரணி காட்டி எடுத்த போட்டோ எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. ரொம்ப வருசமா ஆன் ஆகல."

"சரிம்மா. அப்படி என்ன பண்ணினான் உன்னைய?"

"சொன்னா மனசு ஆறிப்போயிரும் பாய். ஆறக் கூடாது."

மீரான் கேமைக் கவிழ்த்து வைத்தார். திருகாணிகளைக் கழற்றிப் பின்மூடியைத் திறந்தார். உள்ளேயே விட்டுவிட்ட பேட்டரி கசிந்து, முனைகளெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தன. வினிகர் தொட்டு பிரஷ்ஷால் தேய்த்தார், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். ஃப்யூஸை மாற்றினார். அப்படியும் திரை கறுப்பாகவே இருந்தது.

மீட்டரை வைத்து ஒவ்வோர் இடமாகத் தொட்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றார். கசிவு ஒரு செம்புக் கோட்டையே அரித்துத் தின்றிருந்தது. தலைமுடி கனத்தில் ஒரு கம்பியை வைத்து அதைப் பற்றவைத்தார்.

பிறகு கேமராப் பகுதியைத் திறந்து, உள்ளே இருந்த வட்ட செல்லைக் காட்டினார். "போட்டோவையெல்லாம் பிடிச்சு வச்சிருக்கது இதுதான். இதுவும் சாகப் போகுது. கழட்டின அந்த நிமிசமே எல்லாம் போயிரும்."

"ஐயோ, ஒண்ணுகூடப் போகக் கூடாது பாய்!" என்றாள் ஜெனி.

மீரான் புதுச் செல் ஒன்றைப் பக்கத்தில் கம்பி வைத்து இணைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பழையதை எடுத்தார். எல்லாவற்றையும் மூடி பட்டனைத் தள்ளினார். திரை விழித்துக்கொண்டது. சாம்பல் நிறப் புள்ளிகள் கூடி, நாக்கைத் துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு பையனின் முகமாயின.

"இதையெல்லாம் கம்ப்யூட்டருக்கு இறக்கித் தாரேன். நாளைக்கே இது பந்த் ஆகி நின்னுபோனாலும் போட்டோ பத்திரமா இருக்கும்."

"வேண்டாம்" என்றாள் வெடுக்கென்று. பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "அவரு முதல்ல இதுலயே பாக்கட்டும். எந்த பட்டன் எதுக்குன்னு மட்டும் சொல்லித் தாங்க."

இதுவரை 'அவன்' என்றவள் இப்போது 'அவரு' என்கிறாளே என்று மீரானுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். "அவனை இங்கனயே வரச் சொல்லு தங்கச்சி. நானும் ரெண்டு வார்த்தை பேசுதேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேராகக் கடைக்கு வந்தான் ஜெனியின் கணவன் ரூபன். ஜெனி கேமை அவன் கையில் வைத்தாள்.

தம்பியின் முகத்தைப் பார்த்ததுமே அவன் உடைந்துபோனான். ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். சிரித்தான், அழுதான், திரையை விரலால் தடவினான்.

"தங்கச்சிதான் விடாம நின்னு சரி பண்ண வச்சா. இனியாவது ரெண்டு பேரும் சண்டையை விட்டுட்டு வீட்டுக்குப் போங்க" என்று சொல்லி, மீரான் எதிர்க்கடையில் மூன்று சாயாவுக்குக் குரல் கொடுத்தார்.

"ஜெனி, இவன் மூஞ்சியே எனக்கு மறந்துக்கிட்டே வந்துச்சு" என்றான் ரூபன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"வேற எங்கயும் இவன் போட்டோ இல்லியா?"

"வேற ஏது? சேரியில தீப்பிடிச்சப்ப எல்லாம் போச்சே. இது ஒண்ணுதான் புள்ள."

"தாங்க, இன்னொண்ணு காட்டுதேன்."

அவன் கொடுத்தான். ஜெனி நிதானமாகச் சில பட்டன்களை அமுக்கினாள். 'எல்லாப் படங்களையும் அழிக்கலாமா?' என்று ஆங்கிலத்தில் கேட்டது திரை. அவன் படிப்பதற்கு வசதியாக அதை அவன் பக்கம் திருப்பிப் பிடித்தாள். அவன் வாய் திறப்பதற்குள் கட்டைவிரலால் அமுக்கினாள்.

"ஐயோ! ஏஞ்சலோ!"

ரூபன் போட்ட கூச்சலில் தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். மீரான் பாய்ந்து கேமைப் பிடுங்கிப் பார்த்தார். படம் இருந்த இடமெல்லாம் பெட்டி பெட்டியாகத் திரை வெளுத்துக் கிடந்தது.

ஜெனி குனிந்து கணவனின் காதருகே சொன்னாள்:

"செத்துப்போன எங்கம்மா குரலை என் போன்ல இருந்து நீ அழிச்சப்ப, நானும் இப்படித்தான கத்துனேன்?"